நூர்வதற்கென்று வைத்திருந்த விளக்கு

அந்த விளக்கை நான் தூக்கித் திரிந்த காலத்தில் எனக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது. பித்தளையும் இரும்புமாக ஒரு கைக்குழந்தையின் பாரம். வெளிச்சமோ, கேட்கவே வேண்டாம். நெருக்கமான கம்பி வலைக்குக் கீழே, தடித்த கண்ணாடிக்குப் பின்னால், நகக்கண் அளவில் ஒரு சுடர் நிற்கும். அதை வைத்துக்கொண்டு சோற்றில் கிடக்கிற மீன் முள்ளைக்கூடப் பார்த்து எடுக்க முடியாது. இந்தச் சனியனைத் தூக்கிக்கொண்டு விடியத் தோணி ஏறுவதும், வாவியைக் கடந்து படுவான்கரையில் இறங்கி வரம்பு வரம்பாக நடப்பதும், பொழுதுபட முதல் திரும்பி வந்து அடுப்பு மூட்டுவதுமாகத்தான் வெள்ளைக்காரன் ஆண்ட அந்த யுத்த காலத்தில் என் நாட்கள் போயின.

எங்கள் ஊர் செட்டிபாளையம், வாவிக்கும் கடலுக்கும் நடுவில். எங்கள் பக்கத்தில் மணலைக் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். கிணற்றுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வேறு. அங்கே நிலம் இறுக்கம், சில இடங்களில் கிணறும் நல்ல ஆழம். குண்டு விழப் போகிறதென்று பட்டினத்துச் சனம் சட்டி பெட்டியோடு அந்தப் பக்கம் ஓடியபோது குடிக்கிற தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்தது. பாழடைந்து மூடிக் கிடந்த கிணறுகளைத் திறந்து, இறைத்து, சேறு அள்ளிச் சுத்தமாக்க அரசாங்கம் ஆள் தேடியது. என் கணவர் போனார். கிணற்றுக்குள் இறங்குகிறவர் அவர்தான். மேலே நின்று கயிறு பிடிக்கிறவர் என் பெரியம்மாவின் மகன். எனக்கு அண்ணன், அவருக்கு மச்சான். நான் சமைக்கவும் சேற்று வாளி இழுக்கவும் போனேன். விளக்குச் சுமக்கிற வேலை எப்படி என் தலையில் விழுந்ததென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "பொம்புள ஆள் ஒண்டு இருக்குத்தானே, விளக்கப் பார்க்க" என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். அவர் இறங்கின கிணற்றிலிருந்து ஏறி வர வேண்டும். பழங்கிணற்றில் இறங்கி அப்படியே சரிந்து போன ஆட்களைப் பற்றிக் கதைகள் கேட்டிருந்தேன். பேய் அமுக்கிற்று என்பார்கள். பேயோ பிசாசோ, போனவன் போனவன்தானே. "இத விட்டிடுங்களன். ஆத்துல வலை வீசினாலும் நமக்குச் சோறு கிடைக்கும்" என்று தோணியில் வைத்து ஒவ்வொரு நாளும் சொல்லுவேன். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வது. "காலத்தாலயே தொடங்காத, புள்ள" என்பார் அவர். அதற்குமேல் பேச்சில்லை. சொல்லிச் சொல்லி எனக்கும் வாய் அலுத்துப் போயிற்று.

எங்களுக்கு மேலே ஓர் ஓவசியர் இருந்தார். கொழும்புப் பறங்கியர். சிங்கள ஊர்ப் பக்கத்தில், பென்சிலுக்குள் வைக்கிற காரீயத்தைத் தோண்டுகிற சுரங்கமொன்றில் முன்பு வேலை பார்த்தவர். விளக்கும் அங்கிருந்து அவரோடு வந்ததுதான். இங்கிலீசும் சிங்களமும் பேசிப் பழகிய வாயால் எங்களோடு தமிழ் பேசுவார். பிழை சொல்ல முடியாத தமிழ். ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் அவரிடம் உண்டு. "வீட்டில் எல்லோரும் சுகமா?" என்று கேட்பார். அண்ணன், "ஏதோ இருக்கிறம், ஐயா" என்பார். "எது இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்பார். நல்ல மனுஷன். கதைதான் நீளம்.

கதை என்றால் முழுக்க விளக்குக் கதை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எங்களுக்குக் கண் சொருகும். அவர் அப்போதுதான் தொடங்குவார். சீமையில் நிலக்கரி தோண்டுகிற குழிகளில் ஒரு காற்று ஊறுமாம், நெருப்புக் கண்டால் பற்றுகிற காற்று. மெழுகுதிரியோடு இறங்கினால் குழியே வெடித்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடுமாம். வெளிச்சம் இல்லாமலும் தோண்ட முடியாது. அதனால் சில குழிகளில் அழுகின மீன் தோலை வைத்து, இருட்டில் அதிலிருந்து வருகிற மங்கல் வெளிச்சத்தில் வேலை பார்த்தார்களாம். "எங்கட மீன் வாடிப் பக்கம் வந்திருந்தா ஊரையே வெளிச்சமாக்கியிருக்கலாமே, ஐயா!" என்றார் அண்ணன். இரும்புச் சக்கரத்தைக் கல்லில் உரசிப் பொறி பறக்கவிட்டு, அந்தப் பொறியிலும் தோண்டினார்களாம். அதற்கும் முந்திய காலத்தில், நனைத்த சாக்கைப் போர்த்துக்கொண்டு ஒருவன் மற்றவர்களுக்கு முன்னால் போவானாம். நிலத்தோடு நிலமாக ஊர்ந்து, நீட்டுக் கம்பில் கட்டிய மெழுகுதிரியால் அந்தக் காற்றைக் கொளுத்திவிடுவதுதான் அவன் வேலை. வந்தால் வந்தான்.

"அவன்ட பெண்சாதி என்ன சொன்னாவாம்?" என்று கேட்டேன்.

ஓவசியர் யோசித்தார். "அதை யாரும் எழுதி வைக்கவில்லை" என்றார். எழுத மாட்டார்கள்தான்.

பிறகு பெரிய வெடிப்பு ஒன்றில் நிறையப் பேர் செத்துப் போக, படித்த மனிதர் ஒருவரிடம் போய் வழி கேட்டார்களாம். அவர் கண்டது இதுதான்: நெருக்கமான கம்பி வலை சூட்டை இழுத்துச் சுடரைக் குளிரப் பண்ணிவிடும், உள்ளே எரிகிற நெருப்பு வலையைத் தாண்டி வெளிக்காற்றில் பற்றாது. குளிர்ச்சிதான் இந்த விளக்கின் உயிர் என்று ஓவசியர் வலையைத் தட்டித் தட்டிச் சொல்லுவார். அதே காலத்தில், பள்ளிக்கூடமே போகாத இயந்திரக்காரர் ஒருவரும் தன்பாட்டில் ஒரு விளக்குச் செய்துவிட்டாராம். பிறகென்ன, யார் முந்தி என்று சண்டை. அவர்கள் இருவருக்கும் முன்னமே ஒரு டாக்டர் செய்த விளக்கை ஒருவரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லையாம். பின்னால் வந்தவர்கள் கண்ணாடி வைத்தார்கள், காற்றடிக்காமல் தகரத்தால் மூடினார்கள். புகைக்க நெருப்பு வேண்டுமென்று ஆட்கள் உள்ளேயே திறந்துவிடுகிறார்களென்று பூட்டும் வைத்தார்கள். எங்கள் விளக்கிலும் ஒரு பூட்டு இருந்தது. உப்புக் காற்றில் துருப்பிடித்து அது எப்போதோ விட்டுப் போயிற்று.

"மறுகா சாவு குறைஞ்சிருக்குமே" என்றார் என் கணவர். அவர் வாய் திறந்ததே பெரிய காரியம்.

நினைத்த மாதிரிக் குறையவில்லையாம். விளக்கு வந்ததும், முன்பு பயந்து கைவிட்ட குழிகளை முதலாளிமார் திரும்பத் திறந்து, இன்னும் ஆழத்துக்கு ஆட்களை இறக்கினார்களாம். விளக்குத்தான் இருக்கிறதே, இனி என்ன பயம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களுக்கும் அதே கதைதானே? இந்த விளக்கு இல்லாவிட்டால் படுவான்கரைப் பழங்கிணறுகளை யார் திறந்திருப்பார்கள்? எழும்பிப் போய்ச் சட்டி கழுவினேன்.

எங்கள் கிணறுகளில் பற்றுகிற காற்று இல்லை. இருந்தது செத்த காற்று. இலை தழை அழுகிப் பலகாலம் மூடிக் கிடந்த கிணற்றின் அடியில், மூச்சுக்கு உதவாத காற்றுத் தேங்கி நிற்கும். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினால் அந்தக் காற்றில் அது நூர்ந்துபோகும், அணைந்துவிடும். நூர்ந்தால் ஆள் இறங்கக் கூடாது. வாளியை விட்டு விட்டு இழுத்து, காற்றைக் கலக்கி, மறுபடியும் விளக்கை இறக்கிப் பார்க்க வேண்டும். சீமையில் இப்போது மின்சார விளக்கு வந்துவிட்டதாம். ஆனாலும் இந்தப் பழசைக் கைவிடவில்லையாம். மின்சார விளக்கு செத்த காற்றிலும் எரிந்துகொண்டே இருக்கும். அது எதையும் சொல்லாது. "இது அணைவதற்கென்றே வைத்திருக்கிற விளக்கு" என்றார் ஓவசியர். அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாவிப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஏனென்று சொல்ல வேண்டும். அடுப்பு நூர்ந்தது, சுருட்டு நூர்ந்தது என்றெல்லாம் நாங்கள் சொல்லுவோம். ஆனால் ஒரு வேலை தொடங்குகிற இடத்தில், ஓர் ஆள் புறப்படுகிற நேரத்தில், விளக்கு நூர்ந்தது என்ற சொல் வாயில் வரவே கூடாது. "குளிந்திட்டு" என்போம். விளக்குக் குளிர்ந்துவிட்டது என்றால் கேட்கிறவருக்கு விளங்கும். உடனே யாராவது எழும்பி அதை ஏற்றிவிடுவார்கள். ஓவசியருக்கு இந்த வழக்கம் தெரிய ஒரு சந்தர்ப்பமும் வரவில்லை. எந்தக் கிணற்றிலும் கட்டின் மேல் குனிந்து விளக்கைத் தன் கண்ணால்தான் பார்ப்பார். அவருக்கு யாரும் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த நாள் நாங்கள் போனது ஒரு போடியார் வீட்டுக்கு. வயல் நிறைய உள்ள பெரிய ஆட்களைப் போடியார் என்போம். அறுவடை முடிந்து வயல் வட்டை முழுக்க வெறும் ஒட்டுத்தாளாக, வெட்டின கதிரின் அடிக்கட்டையாகக் கிடந்தது. அதற்குள்ளால் நடந்து என் கால் முழுக்கக் கீறல். கிணற்றின் மேல் பலகை போட்டு, பலகைக்கு மேல் கல் ஏற்றி மூடியிருந்தார்கள். ஓவசியருக்கு மலேரியாக் காய்ச்சல். தோணியிலேயே பல் கிடுகிடுவென்று அடித்தது. திரும்பிப் போவோம் என்று சொல்லியும் கேட்கவில்லை. வந்தவர் புளிய மரத்தடியில் சாக்கைப் போர்த்துக்கொண்டு விழுந்துவிட்டார். நான் சற்றுத் தள்ளி ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரே புகை.

அண்ணன் விளக்கை இறக்கினார். இழுத்தார். திரி கறுத்துக் கிடந்தது. போடியாரின் பெண்சாதி பக்கத்தில் நின்றார். என் கணவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் அங்கிருந்தே மரத்தடிக்குக் குரல் கொடுத்தார்.

"ஐயா, விளக்குக் குளிந்திட்டு!"

"குளிர்ந்தா இருக்கிறது?" என்று சாக்குக்குள்ளிருந்து ஓவசியர் கேட்டார்.

"ஓம் ஐயா, நல்லாக் குளிந்திட்டு."

"நல்லது. ஆளை இறக்கு."

அவர் படித்த பாடத்தில் விளக்குச் சூடேறினால்தான் ஆபத்து. பற்றுகிற காற்றில் வலை சிவந்து கொதிக்குமாம். குளிர்ந்த விளக்கு நல்ல விளக்கு. காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருந்த மண்டைக்கு அவ்வளவுதான் எட்டியது. அண்ணன் ஒரு கணம் நின்றார். ஆனால் விளக்கு ஐயாவுடையது, கணக்கும் ஐயாவுடையது. அவரே இறக்கு என்ற பிறகு கயிறு பிடிக்கிறவன் என்ன பேசுவது? இதற்குள் போடியாரின் பெண்சாதி, சகுனப் பிழை நிற்கக் கூடாதென்று, விளக்கை வாங்கித் திறந்து ஏற்றிக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டார். என் கணவர் திரும்பிப் பார்த்தபோது அது நல்ல பிள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. மறுபடி இறக்கிப் பார்த்தாயிற்று என்று நினைத்தாராக்கும், வெற்றிலையைத் துப்பிவிட்டு இறங்கினார்.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்தேன். இரண்டு பேரின் பேச்சும் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. குளிந்ததற்கு நல்லது என்று சொல்லுவாரா ஒரு மனுஷன்? "எது இருக்கிறது?" என்று கேட்கிற ஆளல்லவா இவர்? அந்த நினைப்பு வந்ததும் அகப்பையைப் போட்டுவிட்டு எழும்பினேன். என் கணவரின் தலை கிணற்றுக் கட்டுக்குக் கீழே போய்விட்டது.

"நூந்திட்டு!" என்று கத்தினேன். "ஐயா, விளக்கு நூந்திட்டு! எரியல்ல, நூந்துதான் கிடந்த! அண்ணன், இழுங்க! இழுங்க!"

ஓவசியர் சாக்கை உதறிக்கொண்டு, "ஐயோ, இழு!" என்று விழுந்தடித்து ஓடி வந்தார். கயிறு அப்போதே ஒரு பக்கமாகச் சரிந்து பாரமாகிவிட்டிருந்தது. நாங்கள் மூவரும் சேர்ந்து இழுத்தோம். மேலே வந்த முகத்தில் உயிர் இல்லை. உதடு நாவற்பழ நிறம். ஓவசியர் அவரை நிலத்தில் கிடத்தி, கை இரண்டையும் தூக்கித் தூக்கி நெஞ்சில் அமுக்கினார். நான் அழவில்லை. அவர் கன்னத்தில் மாறி மாறி அடித்தேன். எத்தனை தரம் சொன்னேன், எத்தனை தரம் சொன்னேன் என்று அடித்தேன். கடைசியில் ஓர் இருமல் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதைப் போல் இனிமையான சத்தம் நான் கேட்டதில்லை.

அவர் கண் திறந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும் முன்னமே போடியாரின் பெண்சாதி தொடங்கிவிட்டார். "கட்டினவன் கிணத்துக்குள்ள கால வைக்கக்குள்ள சொல்லுற சொல்லா இது? உன்ட வாய்தானே அவன விழுத்தின!"

எல்லோரும் கண்டது அதைத்தான். விளக்கு எரிந்தது, அவர் இறங்கினார், நான் அந்தச் சொல்லைச் சொன்னேன், அவர் விழுந்தார். சொன்னதால் விழுந்தார். ஓவசியர் காய்ச்சலோடு நிலத்தில் கிணறு கீறி, காற்றுக் கீறி, விளக்கு கீறி விளங்கப்படுத்தினார். "இனிமேல் எல்லோரும் அணைந்தது என்றே சொல்ல வேண்டும்" என்று கட்டளை போட்டார். "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். கொஞ்ச காலத்தில் அவரைப் பட்டாளத்து ரோட்டு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். விளக்கு மட்டும் இங்கேயே நின்றுவிட்டது.

அடுத்த முறை கிணறு திறந்தபோது எங்களைக் கூப்பிடவில்லை. அண்ணன் வாசலில் வந்து நின்று, என் முகத்தைப் பாராமல் நிலத்தைப் பார்த்துச் சொன்னார். "கிணத்துக்காரங்க பயப்படுறாங்க, தங்கச்சி. நீ வாறதும் வேணாமாம், மச்சான் இறங்குறதும் வேணாமாம். இனி நான்தான் இறங்கப் போறன்." வேண்டாம் அண்ணன் என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். "எனக்கு ஒண்டும் வராது, கட்டினவள் வாய் திறக்காதவள்" என்று சிரித்தார். பகிடிக்குத்தான் சொன்னார். ஆனாலும் சுட்டது.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. என் கணவர் கிணற்றை விட்டு வாவியில் வலை வீசினார். ஆனால் வீட்டில் பேச்சே நின்று போயிற்று. முன்பும் அவர் பேச்சுக்காரர் அல்ல. இது வேறு மௌனம். ஒரேயொரு நாள், "ஏன் அப்பிடிச் சொன்னாய்?" என்று கேட்டார். "நூந்துதானே கிடந்த" என்றேன். மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அவரும் அதைத்தான் நம்புகிறாரா? கேட்கத் துணிவில்லை. களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கு மீன் கொண்டு போனால், கைப்பிள்ளை வைத்திருக்கிற பெண்கள் மெல்ல ஒதுங்குவார்கள். கல்யாண வீட்டில் குத்துவிளக்கு இருக்கிற பக்கம் என்னை உட்கார விட மாட்டார்கள். அதெல்லாம் எனக்குத் தூசி. வீட்டுக்குள் இருந்த அந்த வாய் மூடின மனுஷனோடு சமைத்து, கழுவி, படுத்து, எழும்புகிற களைப்புத்தான் எலும்பு வரைக்கும் போயிற்று. உயிரோடு இழுத்தெடுத்தேனே, அது போதாதா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொள்வேன்.

அடுத்த கோடையில் அண்ணனைப் படுவான்கரையிலிருந்து தோணியில் கொண்டுவந்தார்கள்.

நான் துறைக்கு ஓடினேன். என் கணவரும் கையிலிருந்த வலையைப் போட்டுவிட்டு வந்தார். தோணியில் வந்தவர்கள்தான் நடந்ததைச் சொன்னார்கள். விளக்கை இறக்கினார்களாம். குளிந்ததாம். ஏற்றி மறுபடி இறக்கினார்களாம். மறுபடியும் குளிந்ததாம். புதிய ஓவசியர் வரவில்லையாம். பொழுது போகிறதென்று அண்ணனே கயிறு கட்டினாராம். ஒருவரும் வாய் திறக்கவில்லையாம்.

"நாங்க ஒரு சொல்லும் பிழையாச் சொல்லல்ல, புள்ள" என்றார் அவர்களில் மூத்தவர். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார். "உன்ட அண்ணன் இறங்கக்குள்ள ஒரு அபசகுனச் சொல்லுக்கூட அங்க விழல்ல."

என் கணவர் அந்த ஆளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து அண்ணனின் தலைப் பக்கத்தைத் தூக்கினார்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். பொழுதுபட்டது. பழக்கத்துக்குப் போத்தல் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். அவர் உள்ளே, சுவரில் சாய்ந்தபடி. கச்சான் காற்று வாசலால் வீசி விளக்கை நூர்த்துவிட்டது. எழும்பி ஏற்ற எனக்குத் தெம்பில்லை. அவரும் அசையவில்லை. இரண்டு பேரும் இருட்டில் இருந்தோம்.

"புள்ள" என்றார். எவ்வளவு காலமாயிற்று அப்படிக் கூப்பிட்டு! "விளக்கு நூந்திட்டு."

விளக்கைப் பற்றி அந்தச் சொல்லை அவர் வாயால் நான் அதுவரைக்கும் கேட்டதில்லை. "நூந்திட்டு, புள்ள" என்று திரும்பவும் சொன்னார், இந்த முறை கொஞ்சம் உரத்து, யாருக்கோ சொல்லுவது போல.

"ஓம்" என்றேன். "நூந்திட்டு."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இருட்டில் அவர் நெருப்புப் பெட்டியைத் தேடி நிலத்தைத் தடவிக்கொண்டு என் பக்கம் வந்தார்.